இன்றைய ஜன்னல்

"ஸ்மிதா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கோம்மா."

"இப்போ வேண்டாம். போயிட்டு வந்து கேக்கறேன்."

"பெரிய காரியமா?"

"பெரிசெல்லாம் இல்லை. கேக்கறதுக்கு வெக்கமா இருக்கு, அவ்வளவுதான். நீ குழந்தை மூக்கைத் தொடை முதல்ல."

மாமியார் அனந்தலக்ஷ்மியும் மாமனார் சேஷனும் குருவாயூருக்கு நடந்து போகப் புறப்பட்ட காலை அது. வழிக்கு வேண்டிய இட்லிகளுக்கு மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டே மாமியார் அதைச் சொன்னாள். பிறகு பொட்டலத்தைக் கட்டினாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், புதிதாக வாங்கிய கான்வாஸ் ஷூவைக் குனிந்து பார்த்து ஒரு தடவை சிரித்துக்கொண்டாள், போய்விட்டாள்.

என்ன கேட்கப் போகிறாள்? ஸ்மிதாவுக்குள் ஒரு பயம் தங்கிவிட்டது. வேலையை விட்டுவிடு என்பாளோ? குழந்தை ஆர்யாவுக்கு இப்போது ஏழு மாதம். கழக்கூட்டத்துக் கம்பெனி கொடுத்திருந்த பிரசவ விடுப்பு முடியப் போகிறது. அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில்தான் அவளும் கணவன் ஜெயந்தும் எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தார்கள். "நீ லீவுல இருக்கறச்சேயே நடந்துட்டு வந்துடறேன். அப்புறம் உன் குழந்தை என் பொறுப்பு" என்று அம்மாவே சொல்லியும் இருந்தாள்.

நடைக்குக் காரணம் வேண்டுதல். ஸ்மிதாவின் பிரசவம் சிக்கலானபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தாயும் குழந்தையும் நல்லபடியாகப் பிழைத்தால் நடந்தே வந்து சேவிக்கிறேன் என்று அனந்தலக்ஷ்மி குருவாயூரப்பனிடம் சொல்லிவிட்டாள். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் கோட்டைக்குள் அவர்கள் இருந்த அக்ரஹாரத் தெருவில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சேஷன் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தனியா எப்படிப் போவாய்? துணைக்கு நான் வரேன்" என்றார். கணக்கு இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் எதற்காவது துணைக்கு வருகிறேன் என்று சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஸ்மிதாதான் அவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். போனிலேயே எழுதலாம், படம் போடலாம், சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் பண்ண வேண்டாம் அல்லவா?

முதல் சில நாட்கள் சேஷன் எழுதினார். ஆபீஸ் குறிப்பு மாதிரி இருந்தது.

'பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். தேங்காய் நன்றாகச் சிதறியது. வெயில் அதிகம். சாலை சுமார். மனைவிக்கு இடது ஷூ கடிக்கிறது.'

சேஷனின் தங்கை பம்பாயில் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பம்பாய் அத்தை. முதல் கருத்து அவளுடையதுதான்: 'அண்ணா, ஸ்வெட்டர் எடுத்துண்டேளா?'

"மார்ச் மாசத்துல, நம்ம ஊர் வெயில்ல, ஸ்வெட்டர்!" ஜெயந்த் காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தான். "அத்தை எங்கே நடக்கறதா நெனைச்சுண்டிருக்கா? இமயமலையிலயா?"

ஆற்றிங்கல் தாண்டியதும் எழுத்து மாறியது.

'இவர் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டார். அதனால் இனிமேல் நான் எழுதுகிறேன். இவர் வேகமாக நடக்கிறார். முன்னால் போய், சுவரில் போஸ்டர் படிக்கிற மாதிரி நிற்கிறார். நான் பக்கத்தில் வந்ததும், அப்போதுதான் படித்து முடித்த மாதிரி நடக்கிறார். இன்றைக்கு ஒரே சினிமாப் போஸ்டரை வழி நெடுகப் படித்தார். என்ன கதை என்று கேட்டேன். ஒருத்தன் காத்துக்கொண்டே இருக்கிற கதை என்றார். இவருக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.'

அதன் பிறகு தினமும் ஒரு படம் வந்தது. எந்த ஊரில் தங்கினாலும் அந்த அறையின் ஜன்னலை அனந்தலக்ஷ்மி படம் எடுத்துப் போட்டாள். மேலே 'இன்றைய ஜன்னல்' என்று எழுதினாள். ஒரு ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. ஒன்றில் சர்ச் கோபுரமும் மின்கம்பியும். கொல்லத்து ஜன்னலில் யாரோ உலர்த்திய சிவப்புப் பாவாடை. பார்க்க ஒன்றுமே இல்லாத ஜன்னல்கள். ஆனால் ஜன்னல் விளிம்பில் எப்போதும் இரண்டு டீ கிளாஸ் இருக்கும்.

காலையில் ஆர்யாவுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டே ஸ்மிதா சத்தமாகப் படிப்பாள். ஜெயந்த் ஷேவ் பண்ணிக்கொண்டே கேட்பான்.

'கருநாகப்பள்ளி. காலில் கொப்புளம். இவர் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து வாங்கி வந்து தடவிவிட்டார்.'

பம்பாய் அத்தை உடனே வந்துவிட்டாள்: 'அண்ணா மன்னியோட காலைப் பிடிச்சாரா? இதையெல்லாமா மன்னி எழுதறது?'

அதற்கு அனந்தலக்ஷ்மியின் பதில் ஒரே சொல்: 'வலிச்சது.'

ஜெயந்த் சிரித்தான். ஸ்மிதாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் வந்ததைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

'அறைக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பையிலிருந்து மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்றேன். "அனந்தம், நீ பாடறே" என்றார். பாடியது எனக்கே தெரியவில்லை.'

"அனந்தமா?" என்றாள் ஸ்மிதா. "அப்பா அம்மாவை அப்படிக் கூப்பிடுவாரா?"

"நான் கேட்டதில்லையே." ஜெயந்த் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி நின்றான். "'கேட்டியா'ன்னுதான் கூப்பிடுவார். 'கேட்டியா, காபி. கேட்டியா, பேப்பர் வந்துதா.'"

அன்றைக்கு ஜெயந்த் ஆபீஸ் போன பிறகு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்மிதா அந்த வீட்டில் நடந்தாள். தெருவில் எல்லா வீடும் போல அதுவும் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் கூடம், நடுவில் முற்றம், அதை ஒட்டி ஓர் அறை, பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணறும் குளியலறையும். முன்னாலிருந்து பின்னால் போகிறவர்கள் எல்லோரையும் தாண்டித்தான் போக வேண்டும். கதவு உள்ள அறை அந்த ஒன்றுதான்.

அவள் மாட்டுப்பெண்ணாக வந்தபோது அந்த அறையை அவளுக்கும் ஜெயந்துக்கும் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அறை அவனுக்கு. அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். மாமியார் தன் புடவைகளை அடுக்களைப் பக்கத்து அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள், அங்கேயே பாய் விரித்துப் படுத்தாள். மாமனார் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அனந்தலக்ஷ்மி கல்யாணமாகி வந்தபோது அவளுடைய மாமியாரும் அப்படித்தான் அடுக்களைக்குப் போனாளாம். மகனுக்குக் கல்யாணம் ஆன பிறகு பெரியவர்கள் ஓர் அறையில் படுப்பது பார்க்க நன்றாக இருக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தார்களா என்பதுகூடத் தெரியாது. செய்தார்கள்.

நான்கு வருஷமாக அந்த அறையில் தூங்கி எழுந்தவள் ஸ்மிதா. ஒரு நாளும் இது அவளுக்குத் தோன்றவில்லை.

அம்பலப்புழையில் பால்பாயசம். 'இவருக்குச் சர்க்கரை. ஒரு ஸ்பூன் என்று பேச்சு. நான் ஜன்னலைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாத்திரம் காலி. முகத்தை மட்டும் பாவம் போல் வைத்துக்கொண்டிருந்தார்.'

சேர்த்தலையில் மழை. அன்று எழுதியது கொஞ்சம் நீளம்.

'பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினோம். பேச்சோடு பேச்சாக, காலேஜ் நாடகத்தில் பெண் வேஷம் போட்டதைச் சொன்னார். தமயந்தியாம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கே சொல்றது? ஆத்துல எப்பவும் யாராவது குறுக்கே போயிண்டே இருக்காளே" என்றார். மழை நின்ற பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் கிளம்பவில்லை.'

ஸ்மிதா இதைச் சத்தமாகப் படிக்கவில்லை. போனை ஜெயந்திடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, "அப்பா தமயந்தியா!" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம்தான் அவன் கட்டில் வாங்கினான். வந்திறங்குகிற வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. தேக்கு நிறத்தில், மெத்தையோடு, இரண்டு. ஒன்று கூடத்தில் சுவரோரம். மற்றது அடுக்களைப் பக்கத்தில் அலமாரிக்கு அருகில். அதற்கு மேலே புதிதாக ஒரு சுவர் ஃபேனும் மாட்டச் சொன்னான்.

"எப்டி இருக்கு? இவ்வளவு நடந்துட்டு வரா, திரும்பவும் தரையிலயா படுக்கறது? அம்மா முட்டிக்கு இனிமே பாய் ஆகாது." அவன் முகம் முழுக்கச் சந்தோஷம்.

ஸ்மிதா முன்னால் இருந்த கட்டிலைப் பார்த்தாள். பிறகு பின்னால் போய் மற்றதைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் வீடு முழுவதும் இருந்தது.

"நல்லாருக்கு," என்றாள். பிறகு மனசு கேட்கவில்லை. "ஜெயந்த், ரெண்டையும் சேத்துப் போட்டா என்ன?"

"எங்கே?"

"நம்ம ரூம்ல. நாம கூடத்துல படுத்துக்கலாம்."

"குழந்தையை வெச்சுண்டு கூடத்துலயா? கொசு தூக்கிண்டு போயிடும். அதுவுமில்லாம அம்மா சம்மதிப்பாளா?"

"அப்போ வேற ஏதாவது யோசிக்கணும். அவா ரெண்டு பேருக்கும் சேர்ந்து இருக்க ஒரு எடம் வேணும்."

"ஸ்மிதா, அப்பாவுக்கு அறுபத்தஞ்சு வயசு."

"அதனால?"

"அதனால..." அவன் ஃபேன் சுவிட்சைப் போட்டான், அணைத்தான், மறுபடியும் போட்டான். "அப்பா அம்மாவைப் பத்தி இப்டியெல்லாம் பேசாதே. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"நான் என்ன பேசிட்டேன்? ஒரு கதவு வேணும்னேன்."

கோபமோ கூச்சமோ வந்துவிட்டால் ஜெயந்த் பள்ளிக்கூடத்து மலையாளத்துக்குப் போய்விடுவான். "மதி," என்றான். போதும். "மதி ஸ்மிதா."

அவளும் அதற்கு மேல் போகவில்லை. போகாததற்கு ஒரு காரணம் அவளுக்குள்ளேயே இருந்தது. அவர்கள் வந்து பழையபடி கூடத்திலும் அடுக்களையிலும் படுத்துக்கொண்டால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. திங்கட்கிழமை வேலையில் சேரலாம். குழந்தை பாட்டி மடியில் இருக்கும். பேசாமல் இருந்தால் போதும்.

ஆனாலும் வியாழக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. டிவிக்கு எதிரே வரிசையாக உட்காரவைத்திருந்த குழந்தைகளில் ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஆர்யாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா வந்துவிட்டால் நல்லது. அம்மா இந்த மாதிரியே பாடிக்கொண்டு இருந்தாலும் நல்லது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

குருவாயூரில் நடை முடிந்தது. கோபுரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கும் படம், யாரோ எடுத்துக் கொடுத்தது. வெயிலில் கறுத்திருந்தார்கள். சேஷன் சட்டை இல்லாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நேராக நின்றார். அனந்தலக்ஷ்மியின் கை அவர் முழங்கையைப் பிடித்திருந்தது. அத்தை அதற்கு ஒன்றும் எழுதவில்லை. ஒரு பூ மட்டும் போட்டிருந்தாள்.

ஜெயந்துக்குப் போனில் சேஷன், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுவோம்" என்று சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது புதிதாக ஒரு ஜன்னல் வந்தது.

'இன்றைய ஜன்னல். இன்னும் ஒரு நாள்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தது. விளிம்பில் இரண்டு டீ கிளாஸ். கீழே வரிசையாக பஸ்கள். பஸ்களுக்குப் பின்னால் உயரமான ஒரு கட்டடம். ஸ்மிதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தினமும் கம்பெனி பஸ்ஸுக்காக அவள் எதிரே நின்ற கட்டடம் அது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு.

அவள் போனைக் கவிழ்த்து வைப்பதற்குள் ஜெயந்தின் போன் சத்தமிட்டது. அடுத்த வீட்டு மாமாவின் கருத்து: 'இது நம்ம தம்பானூர் போலிருக்கே?'

ஜெயந்த் படத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஊருக்கு வந்தாச்சு. ஸ்டேஷன்லேர்ந்து ஆத்துக்கு ஒரு ஆட்டோ. அதுக்கு லாட்ஜுல ரூமா? எந்தினா ஸ்மிதா? எதுக்கு? நான் என்ன குத்தம் பண்ணினேன்?"

"குத்தம் ஒண்ணுமில்லை. சட்டையை மாட்டு. போயிக் கூட்டிண்டு வரலாம்."

"கேக்கத்தான் போறேன்" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது.

ஆர்யாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே சந்தில் இருந்தது அந்த லாட்ஜ். வரவேற்பு மேஜையில் இருந்தவர் ஜெயந்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலையாளத்தில், சாரும் மேடமும் மாடியில் இருக்கிறார்கள் என்றார். நாளைக்குக் காலி பண்ணுவதாக இருந்தது, இன்னும் ஒரு நாள் கூட்டித் தர முடியுமா என்று மேடம் இப்போதுதான் வந்து கேட்டுவிட்டுப் போனார் என்றும் சொன்னார்.

ஜெயந்த் முன்னால் மாடியேறினான். கதவைத் தட்டினான்.

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. சேஷன் வேஷ்டியும் பனியனுமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஜன்னலருகே, ஈரத் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு அனந்தலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்ததும் சட்டென்று முடியை அள்ளி முடிந்தாள்.

"நீயா? எப்டிடா தெரிஞ்சுது?"

"நீதான் படம் போட்டிருக்கியேம்மா! உலகத்துக்கே தெரியும்."

"ஐயோ." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தினமும் போடற பழக்கத்துல போட்டுட்டேன். ஜன்னலைத்தானே போட்டேன், ஊர் பேர் எழுதலையேன்னு இருந்துட்டேன்."

"நான்தான் சொன்னேன்," என்றார் சேஷன். "பஸ் ஸ்டாண்டு தெரியறது, வேண்டாம்னு."

"நீங்கோ எங்கே சொன்னேள்? டீ ஆறிடறதுன்னுதான் சொன்னேள்."

ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆர்யா பாட்டியைப் பார்த்துக் கையை நீட்டித் துள்ளினாள். அனந்தலக்ஷ்மி ஓடிவந்து குழந்தையை வாங்கி, கழுத்தில் முகத்தைப் புதைத்து, "என் கண்ணே, பல்லு வந்துடுத்தா? நான் இல்லாதப்போ பல்லு வந்துடுத்தா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அந்தக் குழந்தையை அவள் எவ்வளவு தேடியிருக்கிறாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியும் ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஸ்மிதா கட்டிலைப் பார்த்தாள். சாதாரண லாட்ஜ் கட்டில், சலவை வெளுத்த விரிப்பு. இரண்டு தலையணைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஜெயந்த் குழந்தையின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துக் கோபம் தணிந்தான். "சரி, போகட்டும். ஆத்துக்கு வாங்கோ. உங்களுக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். நேர்ல பாக்கட்டும்னு இருந்தேன். ரெண்டு கட்டில்! கூடத்துல அப்பாவுக்கு, அடுக்களைப் பக்கம் உனக்கு. ஃபேனும் மாட்டியாச்சு."

சேஷன் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"நல்ல காரியம்டா," என்றார் சேஷன் மெதுவாக. "முட்டிவலிக்கு நல்லது." கொடியில் தொங்கிய துண்டை எடுத்து மடித்தார். நான்காக, எட்டாக. பையில் வைத்தார். பிறகு அவளுடைய சீப்பை எடுத்து, சிக்கியிருந்த முடியை நீக்கி, சீப்பையும் பையில் வைத்தார். "கெளம்பலாம், கேட்டியா."

அனந்தலக்ஷ்மி குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் டீ கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இன்னும் ஒரு நிமிஷம். எல்லோரும் படியிறங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை அது பாட்டுக்கு வந்துவிடும். ஸ்மிதா கதவருகே போனாள். வெளியே போகவில்லை. கதவைச் சாத்தி, முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஸ்மிதா?" என்றான் ஜெயந்த்.

"ஒண்ணுமில்லை. எனக்கு அவசரமில்லை." அவள் மாமியாரைப் பார்த்தாள். "அம்மா, நீங்கோ ஏதோ கேக்கணும்னு இருக்கேள். நான் வேலைக்குப் போறதை நெனைச்சுண்டு முழுங்காதேங்கோ. குழந்தையைப் பாக்க நான் வேற வழி பண்ணிப்பேன். எடம்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"எந்த எடம்?" ஜெயந்த் திகைத்தான்.

"சும்மா இரு. அம்மா, கேளுங்கோ."

"இங்கேயா? இவனை வெச்சுண்டா?"

"என்னை வெச்சுண்டு கேக்க முடியாதபடி என்னம்மா இருக்கு?" என்றான் ஜெயந்த். இந்தத் தடவை அவன் குரலில் கோபம் இல்லை.

அனந்தலக்ஷ்மியின் முகம் சிவந்தது. சேஷன் பைக்கு ஜிப் போடப் போனவர், போடாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் வேணும்னா சொல்லட்டுமா, அனந்தம்?" என்றார்.

மகனுக்கு முன்னால் அந்தப் பேரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெயந்த் அப்பாவைப் பார்த்தான். பிறகு அந்தத் தலையணைகளைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேண்டாம். நானே கேக்கறேன்." அவள் குழந்தையைக் கீழே விடவில்லை. குழந்தையின் தலைக்கு மேலாகத்தான் பேசினாள். முதலில் ஸ்மிதாவைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள், பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "உன் கட்டிலை வேண்டாம்னு சொல்லலைடா, கண்ணா. ரெண்டையும் எடுத்துக்கறோம். ஆனா நம்ம தெருவுலயோ பக்கத்துத் தெருவுலயோ, ஒரு சின்ன ரூமும் ஒரு அடுக்களையும் போறும். கார்த்தால நீங்க எழுந்துக்கறதுக்கு முந்தி வந்துடுவேன், சாயங்காலம் ஸ்மிதா வர வரைக்கும் குழந்தை என் இடுப்புல இருக்கும், அதுல ஒரு மாத்தமும் இல்லை. விளக்கு வெச்சதுக்கு அப்புறம் மட்டும்... ஜெயந்தா, எங்க ரெண்டு பேரையும் தனிக்குடித்தனம் வெச்சுடேன்டா."